பாலம் போடுகிறவன் பட்டாளத்தானா? பொறியாளர் படை பற்றி

ஆகஸ்ட் 5, 2024. ஊத்தங்கரை வாசகர் ஒருவரின் கேள்வி:
வயநாடு சூரல்மலையில் நிலச்சரிவுக்குப் பிறகு ராணுவம் பாலம் போட்டதை எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வீரம், தீரம் என்று பேசுவதுதான் புரியவில்லை. பொறியாளர் பிரிவு என்பது சீருடை மாட்டிய பொதுப்பணித் துறை. சண்டை முடிந்த பிறகு போய் ரோடு போடுகிறவர்கள். இதற்கு 200 வருட வரலாறு, கொடி, விழா எல்லாம் எதற்கு?

ஆகஸ்ட் 5, இரவு
சீருடை மாட்டிய பொதுப்பணித் துறையா? சரி. அந்தத் துறையில்தான் நான் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கினேன். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். இப்போது கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. நாளைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 6
"சண்டை முடிந்த பிறகு" என்ற இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1971 டிசம்பர் போரில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கி ஓட்டிப் போய் உயிர் விட்ட அருண் கேதர்பாலை எல்லாருக்கும் தெரியும். பரம்வீர் சக்ரா வாங்கியவர். அவருடைய டாங்கிக்கு முன்னால் இருந்தது கண்ணிவெடி வயல். அதில் பாதை திறந்துகொண்டிருந்தது 9ஆவது பொறியாளர் ரெஜிமெண்ட். அந்த ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கேயே இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா. இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

கண்ணிவெடி வயலில் பாதை திறப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கருவி எல்லாம் உண்டு, ஆனால் கடைசியில் மனிதன் குப்புறப் படுத்துத்தான் ஆகவேண்டும். கையில் நீளமான ஊசி மாதிரி ஒரு கம்பி. அதை மண்ணில் நேராகக் குத்தக் கூடாது. சாய்த்துத்தான் விடவேண்டும், அப்போதுதான் வெடியின் மேல்மூடியை அழுத்தாமல் பக்கவாட்டில் போய்த் தட்டும். ஒரு சாண் அகலம் பார்த்து முடித்தால் அடுத்த சாண். பார்த்து முடித்த எல்லைக்கு வெள்ளை நாடா. நாடாவுக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் உத்தரவாதம் இல்லை. எதிரி சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க மாட்டான், சுட்டுக்கொண்டேதான் இருப்பான்.

சண்டை முடிந்த பிறகு போகிற வேலையாகவா தெரிகிறது?

ஆகஸ்ட் 6, சாயங்காலம்
ஊத்தங்கரைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணுடைய தாய்மாமன் கேட்டார்: "மாப்பிள்ளை பட்டாளத்தில் என்ன பண்றாப்ல?" பாலம் போடுவோம், ரோடு போடுவோம், தண்ணி எடுத்துக் கொடுப்போம் என்றேன். "அப்போ மேஸ்திரின்னு சொல்லுங்க." வெடியும் வைப்போம் மாமா என்றேன். "கல் குவாரியிலயா?" சந்தூர்க்காரர், மாந்தோப்பு தவிர வேறு எதையும் மதிக்காதவர். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 9
வரலாறு கேட்டீர்களே, அதை நம்ம மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகச் சமவெளிக்குள், அதாவது இன்றைய வட தமிழகத்துக்குள், இறங்கினார். இறங்கிய வழி செங்கம் கணவாய். இன்றைக்கு சிங்காரப்பேட்டையிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ் போகிறதே, அந்த இடுக்கு. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, அது பலத்த அடி. அதே மாதம் 30ஆம் தேதி சென்னையில் இரண்டு கம்பெனி பயனியர்களைத் திரட்டினார்கள். வழி வெட்ட, பீரங்கி இழுக்க, பதுங்குகுழி தோண்ட, மதில் ஏற ஏணி தூக்க. இன்றைய மதராஸ் சாப்பர்களின் பிறந்த நாள் அதுதான். சாப்பர் என்றால் பொறியாளர் படைச் சிப்பாய்.

ஊத்தங்கரை நண்பரே, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கணவாய் வழியாக ஒரு படை இறங்கியதில் பிறந்த பட்டாளம் இது. நீங்களே போய் இதற்கு வரலாறு எதற்கு என்கிறீர்கள்!

மறு வருஷம் சோளிங்கர் போர். மதராஸ் சாப்பர்களுடைய போர்க்கௌரவப் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. 1831இல் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று பெயர் மாறியது. 1834 முதல் இருப்பிடம் பெங்களூர், அல்சூர் ஏரிப் பக்கம். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம்.

ஆகஸ்ட் 10
"இந்தியா முழுக்க இது ஒன்றுதானா" என்று கேட்டவருக்கு: மூன்று உண்டு. மதராஸ், வங்காளம், பம்பாய். வங்காளத்துக்காரர்கள் ரூர்க்கியில், பம்பாய்க்காரர்கள் புனே பக்கம் கிர்க்கியில். மூன்றையும் ஒரே படைப்பிரிவாகச் சேர்த்தது 1932 நவம்பர் 18. அதனால்தான் ஒவ்வொரு நவம்பர் 18க்கும் விழா. வருஷக் கணக்கு மட்டும் 1780இலிருந்து. மூத்தவன் மதராஸ்காரன்தான் என்று நாங்கள் சொல்வோம், பம்பாய்க்காரன் 1777 என்று ஒரு கணக்கு எடுத்துக்கொண்டு வருவான். அந்தச் சண்டைக்கு இங்கே இடம் இல்லை.

ஆகஸ்ட் 14
ராயக்கோட்டைக்கு வருவோம். தக்காளி மண்டிக்குப் போகிற எல்லாரும் அந்த மலையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்.

1791இல் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் திப்புவிடமிருந்து பெங்களூரைப் பிடித்தார். பிடித்தது சரி, ஆயிரக்கணக்கான ஆளுக்கும் மாட்டுக்கும் தீனி? கீழே பாரமகாலிலிருந்து, அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து, மேலே மைசூர் மேட்டுக்கு அரிசி ஏறவேண்டும். அதற்கு நல்ல வழி பாலக்கோட்டுக் கணவாய், அந்த வழிக்குக் காவல் ராயக்கோட்டை. அதனால் ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் எடுத்தார்கள். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனதும் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான்.

பீரங்கி தானாக மலை ஏறாது. மாடு ஒரு அளவுக்கு இழுக்கும், யானை பின்னாலிருந்து முட்டிக்கொடுக்கும். சக்கரம் புதைகிற இடத்தில் கல் போட்டு, மரம் வெட்டிப் பரப்பி, சரிவில் கயிறு கட்டிப் பிடித்து இறக்குகிறவன் பயனியர். இப்போதும் அந்த ரோட்டில் தக்காளி லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால், இந்தச் சரிவில் கயிறு பிடித்தவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 15
நேற்று எழுதியதற்குத் தருமபுரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "நம்ம ஊர்க் கோட்டைகளை வெள்ளைக்காரன் பிடிக்கப் பீரங்கி இழுத்துக் கொடுத்ததில் என்ன பெருமை?"

சுதந்திர தினத்தில் சரியான கேள்வி. ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது.

பட்டாளத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரலாற்றில் ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றி. திப்பு இறந்த இடம் அது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. இரண்டும் ஒரே நாள், ஒரே மதில். சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கும்பினிக்கு வேலை செய்தார்கள், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் கோட்டைக்கு உள்ளே நின்றவனும் சம்பளத்துக்கு நின்றவன், வெளியே ஏணி தூக்கியவனும் சம்பளத்துக்குத் தூக்கியவன். தேசம் என்ற ஒன்றை இருவரிடமும் யாரும் காட்டியிருக்கவில்லை. அம்மா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு வேலையின் நேர்த்தியைத்தான் சொல்ல முடியும். அந்த நேர்த்தி 1947க்குப் பிறகு நமக்கு உதவியது, அதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18
கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கும்பினி "சுலபமாகப் பிடித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1791 நவம்பர் 7 ராத்திரி கர்னல் மேக்ஸ்வெல் தாக்கினார். கீழ்க்கோட்டை விழுந்தது. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டை வாசல் வரை போனார்கள், வாசல் மூடிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் பாறாங்கல்லை உருட்டிவிட்டார்கள். ஏணியும் போயிற்று, தூக்கிப் போன ஆளும் போனான். மேக்ஸ்வெல் திரும்பிவிட்டார். 1792 உடன்படிக்கையில்தான் பாரமகால் கைமாறியது. பிறகு கலெக்டராக ரீட், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

அந்த மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், வெறுங்கையோடு போனாலே மூச்சு வாங்கும். ஏணியோடு இருட்டில்!

ஆகஸ்ட் 18, கொஞ்ச நேரம் கழித்து
ஏணி என்றதும் ஞாபகம் வந்தது. 1868இல் அபிசீனியாவில், இன்றைய எத்தியோப்பியாவில், மக்தலா கோட்டை. மதராஸ் சாப்பர்களும் போயிருந்தார்கள். கடலிலிருந்து மலை வரை வழி போட்டு, யானை மேல் பீரங்கி ஏற்றி, அத்தனையும் சரியாக நடந்து கோட்டை வாசலில் போய் நின்றால், வாசலை உடைக்க வேண்டிய வெடிமருந்தும் ஏணியும் வரவில்லை! பொறியாளர் அணி எடுத்து வர மறந்துவிட்டது. கடைசியில் காலாட்படைக்காரர்கள் சுவரைத் தொற்றி ஏறி உள்ளே குதித்தார்கள். எங்கள் ஆட்கள் இந்தக் கதையை வெளியே அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன், பென்ஷனை நிறுத்த முடியாது.

ஆகஸ்ட் 25
"கல்லணைக்கு மேலே முக்கொம்பு, கோதாவரி அணை, முல்லைப் பெரியாறு எல்லாம் சாப்பர்கள் கட்டியது" என்று ஒரு தம்பி ஆர்வத்தில் எழுதியிருக்கிறார். தம்பி, கொஞ்சம் பொறு.

ஆர்தர் காட்டன் மதராஸ் எஞ்சினியர்ஸ் அதிகாரி, உண்மை. பென்னிகுயிக்கும் அந்த வழியில் வந்தவர். ஆனால் அந்த நாளில் எஞ்சினியர்ஸ் என்பது அதிகாரிகள் மட்டும் இருந்த தனி அமைப்பு, சாப்பர்ஸ் என்பது சிப்பாய்களின் அமைப்பு. 1862இல் அந்த அதிகாரிகளை ராயல் எஞ்சினியர்ஸோடு சேர்த்துவிட்டார்கள். படையில் பட்டம் வாங்கி, வேலை பார்த்தது பெரும்பாலும் பொதுப்பணியில். காட்டன் கட்டிய முக்கொம்பு 1836, கோதாவரியின் தவளேஸ்வரம் அணை 1847 முதல் 1852 வரை. அங்கே மண் சுமந்தவர்கள் கூலிக்கு வந்த ஊர்ச்சனம். 1887 முதல் 1895 வரை நடந்த முல்லைப் பெரியாறு வேலையில் மட்டும் மதராஸ் பயனியர் பட்டாளத்து ஆட்களும் இருந்தார்கள்.

ஆக, ஊத்தங்கரை நண்பர் சொன்ன "சீருடை மாட்டிய பொதுப்பணித் துறை" முழுப் பொய் இல்லை. ஆனால் தலைகீழாகச் சொல்லிவிட்டார். பொதுப்பணித் துறைதான் சீருடையைக் கழற்றிய பொறியாளர் படை.

செப்டம்பர் 1
சூரல்மலைப் பாலத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அது பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யோசித்தது. அதன் உயிர் பேனல்தான். 10 அடி நீளம், 5 அடி உயரம், 570 பவுண்டு, கிலோவில் 260க்குக் கொஞ்சம் கீழே. கிரேன் வேண்டாம், ஆறு பேர் போதும். குறுக்கே தூக்குக் கம்பிகளைச் செருகி இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்குவது. கணக்குப்படி ஆளுக்கு 43 கிலோ. ஆனால் கணக்கு போட்டவன் ஆறு பேரும் ஒரே உயரம் என்று நினைத்துவிட்டான். நெட்டையன் எதிரே குட்டையனை நிறுத்தினால் எடை எங்கே சாயும் என்று தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதனால் அணி பிரிக்கும்போதே தோளுக்குத் தோள் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள்.

ஒரு பேனலின் காதும் அடுத்த பேனலின் காதும் பொருந்தினால் உள்ளே பின் அடிக்கவேண்டும். துளை நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. இதைத்தான் முதல் நாள் முதல் பாடமாகக் கத்திச் சொல்வார்கள். பேனல் ஒரு நூல் நகர்ந்தாலும் விரல் உள்ளேயே நின்றுவிடும். கடப்பாரை முனையை விட்டுத்தான் துளையைச் சேர்க்கவேண்டும்.

அக்கரையில் ஆள் இல்லாமல் இக்கரையிலிருந்து எப்படிப் பாலம் போகும் என்று என் பேத்தி கேட்டாள். பாலத்துக்கு ஒரு மூக்கு உண்டு. பாலத்தை உருளைகள் மேல் இக்கரையிலேயே கட்டுவோம். முன்னால் தளம் போடாத எலும்புக்கூடு மாதிரி லேசான ஒரு துண்டு, அதுதான் மூக்கு. எல்லாரும் சேர்ந்து தள்ளத் தள்ள மூக்கு அந்தரத்தில் நீளும். பின்னால் கனம் இருப்பதால் கவிழாது. நுனி எடையில் தொங்கும் என்பதால் மூக்கைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்தே கட்டியிருப்போம். அது அக்கரை உருளையில் போய் உட்காரும்போது எழும் சத்தம் வேறு எதிலும் வராது. பிறகு மூக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துப் பாலத்தைக் கீழே இறக்குவோம்.

சூரல்மலையில் 190 அடி. பத்தடிப் பேனலில் 19 கட்டு. ஜூலை 30 விடியற்காலை நிலம் சரிந்தது, ஆகஸ்ட் 1 சாயங்காலம் வண்டி போயிற்று. 24 டன் வரை தாங்கும். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரி. போனது பெங்களூர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், அதாவது மதராஸ் சாப்பர்களேதான், எங்கள் மெக். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நான் பேனல் தூக்குகிற இடத்தில் "தோளை மாத்துடா" என்று கத்திவிட்டேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

செப்டம்பர் 3
பெங்களூர் டார்பிடோ என்ற வெடிக்குழாயும் உங்களுடையதா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் எங்கள் சரக்குதான். 1912, கேப்டன் மெக்ளின்டாக், மதராஸ் சாப்பர்ஸ். குழாய்க்குள் வெடிமருந்து, குழாயோடு குழாய் கோர்த்து முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிப்பது. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் முள்வேலியை அறுத்தது அதை வைத்துத்தான். பேர் மட்டும் நம்ம பக்கத்து ஊர்.

செப்டம்பர் 8
"மெக்கில் யாரைச் சேர்த்தார்கள்?" கேட்டவர் எதைக் கேட்கிறார் என்று புரிகிறது. நேராகவே சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் "போர்க்குடி" என்று ஒரு கொள்கை வந்தது. சீக்கியன், பட்டாணியன், கூர்க்கா வீரன், தெற்கத்தியான் சோப்ளாங்கி. இதைப் பெரிய அளவில் பரப்பிய ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கே தலைமை வகித்தவர்! கொஞ்சம் கொஞ்சமாக மதராஸ் காலாட்படையைக் குறைத்து 1920களில் மிச்சத்தையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மறுபடி திரட்டினார்கள்.

சாப்பர்களை மட்டும் கலைக்க முடியவில்லை. காரணம் எளிது, அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த வரிசையில் பறையர் சமூகத்தவர் நிறையப் பேர், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், மற்றச் சாதிக்காரர்களும் உண்டு. ஊரில் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத காலத்தில் அவர்கள் ஒரே லங்கரில், அதாவது பட்டாளச் சமையற்கூடத்தில், சாப்பிட்டு சீனா, பர்மா, மெசபடோமியா போய் வந்தார்கள். எங்கள் ஊர்ச் சேரியில் ஓட்டு வீடு முதலில் கட்டியது ஒரு சாப்பர் குடும்பம் என்று என் அப்பா சொல்வார். பட்டாளம் சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. லீவில் வந்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் சாதி அங்கேயே காத்திருக்கும்.

செப்டம்பர் 15
சுபேதார் சுப்பிரமணியன் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலி, மிஞ்ஞானோ அருகே. கண்ணிவெடி தேடிக்கொண்டு முன்னால் போகிறார். பின்னால் வந்தவர் காலில் ஒன்று மாட்டிவிட்டது. முதல் சத்தத்துக்கும் பெரிய வெடிப்புக்கும் நடுவில் சில நொடி. அந்த நொடியில் வெடி மேல் பாய்ந்து விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதை முதலில் பெற்ற இந்தியர்களில் அவரும் ஒருவர். தமிழ்நாட்டில் எத்தனை தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விரல் மிச்சமாகும்.

1948, காஷ்மீர். ஏப்ரலில் நௌஷேரா–ரஜௌரி வழியில் பம்பாய் சாப்பர்ஸின் இரண்டாம் லெப்டினன்ட் ராம ரகோபா ரானே டாங்கிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை கொடுத்து வழி காட்டினார். பரம்வீர் சக்ரா. கார்வார்க்காரர். அதே வருஷம் நவம்பர் 1, சோஜி லா கணவாய். 11,000 அடிக்கு மேல். அங்கே டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. கோவேறு கழுதை போகிற தடத்தை டாங்கி போகிற அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தது மேஜர் தங்கராஜுவின் மதராஸ் சாப்பர் கம்பெனி. ஆகஸ்ட் 15இல் கேட்ட அம்மாவுக்கு நான் சொல்லவந்த மீதிப் பாதி இதுதான். ராயக்கோட்டைச் சரிவில் கற்ற வேலையை சோஜி லாவில் நமக்காகச் செய்தார்கள்.

அக்டோபர் 2
பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் சேர்வது எப்படி என்று கேட்டிருக்கிறார். இப்போது அக்னிவீர் முறை, நான்கு வருஷம், அதில் நான்கில் ஒருவரைத்தான் தொடர வைப்பார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. பாலமும் வெடியும் கை பழகவே வருஷங்கள் ஆகும், கை பழகியதும் வீட்டுக்கு அனுப்புவதா? என் கருத்து இருக்கட்டும், நீ ஓடிப் பழகு. 1,600 மீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுவது, பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குவது. ஐடிஐ முடித்திருந்தால் நல்லது. ஷூ போட்டுக்கொண்டே பழகு, வெறுங்காலில் ஓடிவிட்டு அன்றைக்குப் புது ஷூ மாட்டாதே.

அப்புறம், எஞ்சினியர் படையிலிருந்து ராணுவத் தளபதி வர முடியாது என்று உன் மாமா சொன்னாராம். 2022இல் மனோஜ் பாண்டே வந்துவிட்டார், பம்பாய் சாப்பர்ஸ். மாமாவிடம் சொல்.

நவம்பர் 18
எல்லாருக்கும் படை தின வாழ்த்து.

ஊத்தங்கரை நண்பர் இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறார். பரணில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பட்டாளக் காகிதம் கிடைத்ததாம். "மதராஸ் பயனியர்ஸ், 1933" என்று இருக்கிறது. ஏதோ தப்பு செய்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் வீட்டில் இதுவரை பேச்சு, அதனால் யாரும் அவரைப் பற்றிப் பேசியதில்லை என்கிறார்.

அண்ணா, உங்கள் கொள்ளுத்தாத்தா தப்பு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. 1780இன் பயனியர்கள் சாப்பர்களாக மாறினார்கள், அதை முன்பே எழுதினேன். அதற்குப் பிறகும் பயனியர் என்ற பெயரில் தனிப் பட்டாளங்கள் இருந்தன. துப்பாக்கியும் உண்டு, மண்வெட்டியும் உண்டு. அவை அத்தனையையும் 1933இல் சர்க்காரே மொத்தமாகக் கலைத்துவிட்டது. கொஞ்சம் பேரைச் சாப்பர்ஸில் எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காகிதத்தில் நடத்தை என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

காகிதத்தை இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, படைவீரர் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். மடிப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்தாதீர்கள். லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகவே போகாதீர்கள், அந்தச் சூட்டில் பழைய காகிதமும் மையும் கெட்டுவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஊத்தங்கரை வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள்.